மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பழைய தடங்கள்: புதிதாகத் தேடுபவர்களுக்கு

நீலகிரிக்கு வடக்கே ஓடும் மோயாற்றின் பள்ளத்தாக்கில் படைகளும் பொதிமாடுகளும் போன பழைய தடங்களைத் தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, காட்டுக்குள் கோடு ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கோடுகளுக்குக் குறைவே இருக்காது. தீத்தடுப்புக் கோடு, மின்கம்பிப் பாதை, வனத்துறை ஜீப் தடம், யானைத்தடம் எல்லாம் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இதுதான் அந்தக் காலத்துப் படைவழி என்று முடிவுகட்டினால் பிறகு எல்லாமே பிழையாகிவிடும்.

பழைய வழி அசையாமல் நிற்பது இரண்டே இடங்களில்: ஆற்றைக் கடக்கும் துறையில், மலை ஏறும் கணவாயில். நடுவில் உள்ள தடம் மரம் விழுந்தால் விலகும், ஓடை அறுத்தால் வளையும், முள் மண்டினால் அரை மைல் தள்ளிப்போகும். அதனால் முதலில் துறைகளையும் கணவாய்களையும் பிடியுங்கள். அவற்றை இணைக்க மனிதனும் மாடும் எப்படிப் போயிருப்பார்கள் என்று யோசியுங்கள். தடத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

முதல் வேலை: நிலத்தை மனதில் போட்டுக்கொள்வது

நீலகிரியின் மேல்தளத்திலிருந்து இறங்கும் பைக்காரா ஆறுதான் கீழே மோயாறு ஆகிறது. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் எல்லையாக ஓடி, மோயாறு ஊரைத் தாண்டியதும் செங்குத்தான ஆழ்பள்ளத்தில் விழுகிறது. வெள்ளைக்காரர்கள் இதை ‘மைசூர் டிச்’ என்றார்கள். கிட்டத்தட்ட 20 கி.மீ. நீளத்துக்கு இந்தப் பள்ளத்தை வண்டியோ பொதிமாடோ குறுக்கே கடக்க வழியில்லை. வரைபடத்தில் இந்த நீளத்தை முதலிலேயே அடித்துவிடுங்கள். தேடவேண்டிய பரப்பு பாதியாகக் குறையும்.

பள்ளம் அகன்று தரை விரிகிற இடத்தில்தான் தெங்குமரஹாடா, கல்லாம்பாளையம் என்ற ஊர்கள் இருக்கின்றன. அதற்கும் கிழக்கே மோயாறு பவானியோடு சேரும் இடம் இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. வடக்கே மைசூர்ப் பீடபூமி, தெற்கே கோடநாடு, கோத்தகிரிச் சரிவு. தெங்குமரஹாடா கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு நேர் மேலே நிற்கும் கோடநாடு விளிம்பு 1,900 மீட்டருக்கும் மேல். இந்த உயர வித்தியாசத்தை மறந்தவர்கள்தான் தெற்குச் சரிவில் படைவழி தேடி வீணாகிறார்கள். அந்தப் பக்கம் தலைச்சுமையோடு மனிதன் ஏறலாம், ஆடு ஏறலாம், படை ஏறாது.

படைகளும் பொதிமாடுகளும் போனது வடக்கே, கஜ்ஜல்ஹட்டிக் கணவாய் வழியாக. இன்று 27 கொண்டை ஊசி வளைவுகளோடு இருக்கும் திம்பம் சாலைக்கு முன், மைசூருக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே இதுதான் முக்கியமான வாசல். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் இறங்கியது இதன் வழியே. அந்த மாதமே சத்தியமங்கலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஃபிளாய்டின் படையோடு மோதல் நடந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1117ஆம் ஆண்டில், போசள (ஹொய்சாள) மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் நீலமலையைப் பிடித்ததாகச் சாமராஜநகர்ப் பக்கத்துக் கல்வெட்டு சொல்கிறது. பின்னால் போசளத் தண்டநாயகர்கள் (படைத்தலைவர்கள்) எழுப்பிய டணாயக்கன்கோட்டை, கணவாய் இறக்கத்துக்கும் இரண்டு ஆறுகளின் கூடலுக்கும் காவலாக இருந்தது. 1800இல் கம்பெனிக்காக நாட்டைச் சுற்றிப் பார்த்த ஃபிரான்சிஸ் புக்கானன் இந்தக் கோட்டைப் பக்கம் வந்து எழுதிவைத்திருக்கிறார். 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த பவானிசாகர் அணை கோட்டையை மூழ்கடித்தது. அணையில் நீர் நன்றாக வற்றும் கோடைகளில் மாதவப் பெருமாள் கோயில் வெளியே தலைகாட்டும்.

இதில் தேடுபவருக்கு உதவும் செய்தி ஒன்று இருக்கிறது. கீழ்முனை நீருக்கடியில் போய்விட்டது. அதனால் 1955க்குப் பிந்தைய எந்த வரைபடத்தை வைத்துக்கொண்டும் கஜ்ஜல்ஹட்டி வழியை முழுதாக வரைய முடியாது.

இரண்டாவது: வரைபட வேலை

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோபோ ஷீட்டில் (நில அமைப்பு வரைபடத் தாளில்) மசினகுடிப் பக்கம் 58 ஏ/10, தெங்குமரஹாடா 58 ஏ/14, பவானிசாகர் 58 இ/3 எண்களில் வரும். இவற்றோடு, அணைக்கு முந்தைய ஓர் அங்குலம் ஒரு மைல் அளவுப் பழைய ஷீட்டுகளையும் தேடுங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 19, 20ஆம் நூற்றாண்டின் வருவாய், வனத்துறைக் கோப்புகளைப் பார்க்கலாம். முன்கூட்டியே விண்ணப்பித்து, ஆய்வுத் தலைப்பைக் குறுக்கி எழுதுங்கள். ‘மோயாறு வரலாறு’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஊர், ஆண்டு, அரசுத் துறை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

பழைய ஷீட்டைக் க்யூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் இன்றைய படத்தின் மேல் பொருத்தும்போது எல்லாம் ஒரே பக்கமாக நூறு மீட்டர் அளவுக்குத் தள்ளி நிற்கும். வரைபடம் தப்பில்லை. பழைய ஷீட் பூமியின் வடிவத்துக்கு ‘எவரெஸ்ட் கோளவடிவம்’ என்ற பழைய கணக்கை வைத்து வரையப்பட்டது, ஜிபிஎஸ் வேறு கணக்கில் வேலை செய்கிறது. ஆற்றின் கூடல்கள், மலை உச்சிக் கற்குவியல்கள், பாறைமுனைகள் என்று இடம் மாறாத 6 புள்ளிகளாவது எடுத்துப் பொருத்துங்கள். ஆற்றின் வளைவுகளை எடுக்காதீர்கள். மணல் படுகையில் அவை நகரும்.

பொருத்தியதும் ஏற்றத்தைக் கணக்கிடுங்கள். 1:50,000 படத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர், சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று ஏறும் தடம் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போக 200 மீட்டர் எடுக்கும், அதாவது படத்தில் 4 மி.மீ. ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பொதிமாடு சுமையோடு ஏறும் வழியாக இருக்கலாம். 2 மி.மீ.க்குள் நெருங்கினால் அது ஆளும் ஆடும் போகும் வழி. 8 மி.மீ. போலச் சீராக, வளைந்து வளைந்து போனால் வண்டிக்காக வெட்டிய பிற்காலச் சாலை. இந்த அளவு ஒன்றே பாதிச் சந்தேகங்களைத் தீர்த்துவிடும்.

இன்னொரு கணக்கும் கைகொடுக்கும். சுமையோடு பொதிமாடு ஒரு நாளில் 10 முதல் 15 கி.மீ. போகும். ஆகவே துறையிலிருந்தும் கணவாய் அடியிலிருந்தும் அந்த இடைவெளியில் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் கோடையிலும் வற்றாத நீர், நூறு மாடு படுக்கும் அளவுக்குச் சமதரை, காற்று மறைப்பு மூன்றும் எங்கே சேர்ந்து வருகின்றன என்று பாருங்கள். தங்கல் அங்கேதான் இருந்திருக்கும். உடைந்த பானை ஓடுகளும் தனித்த புளியமரமும் கிடைப்பதும் அங்கேதான்.

இன்றைய செயற்கைக்கோள் படத்தில் பள்ளத்தாக்கின் தரை நிறைய இடங்களில் தெரியாது. உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மூடிவிட்டன. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களுக்குப் போய், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எடுத்தவற்றை மட்டும் பாருங்கள். இலையுதிர்ந்த நேரத்தில்தான் தரை காட்டிக்கொடுக்கும். அதைவிடப் பழையது வேண்டுமென்றால், 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. 1995இல் அவை பொதுவுக்குத் திறந்துவிடப்பட்டன. ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்ட படங்களை அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் தளத்தில் இலவசமாக இறக்கலாம்.

பலரும் தொடாத ஒரு கருவூலம் பாக்கி இருக்கிறது: காப்புக்காடு அறிவிக்கைகள். 1882ஆம் ஆண்டு வனச்சட்டத்தின்படி ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன், வனத் தீர்வு அலுவலர் வழிநடை உரிமை, மேய்ச்சல், நீர் உரிமை பற்றி விசாரிக்க வேண்டும். எந்த ஊரார் எந்த வழியாக எங்கே போய்வர உரிமை கேட்டார்கள் என்பது அந்தக் கோப்புகளில் பதிவாகியிருக்கும். அதேபோல வருவாய்த் துறையின் அ-பதிவேட்டிலும் (ஊர் நிலங்களின் பட்டியல்) புல வரைபடத்திலும் ‘வண்டிப்பாதை’, ‘பாதை புறம்போக்கு’ என்று வரும் துண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்டு எல்லையில் போய் முட்டி நிற்கும் வண்டிப்பாதை அந்தப் பக்கமும் எங்கோ தொடர்ந்திருக்க வேண்டும்.

பெயர்களைக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பள்ளத்தாக்கில் தமிழ், கன்னடம், படகர் மொழி, இருளர் மொழி நான்கும் கலந்தே பெயர்கள் வரும். ‘ஹள்ள’ என்று முடிந்தால் ஓடை, ‘ஹள்ளி’ என்றால் ஊர். ஓர் எழுத்து தவறினால் ஓடை ஊராகிவிடும். ‘பட்டி’ மாடு அடைத்த இடமாக இருக்கலாம், ‘தொட்டி’யும் அப்படியே. ‘கோம்பை’ மூன்று பக்கம் மலை சூழ்ந்த ஒடுக்கம், அதற்குள் போகும் தடம் பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறாது. ‘துறை’, ‘கடவு’ என்று ஆறு கடக்கும் இடத்தைச் சொல்லும் பெயர் வந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள்.

ஆங்கில வரைபடத்திலிருந்து பெயரைத் தமிழுக்கு நீங்களே மாற்றாதீர்கள். ட, த வேறுபாடு அதில் இல்லை, ல, ள, ழ இல்லை. தெங்குமரஹாடா என்ற ஒரே ஊர் தெங்குமரடா என்றும் தெங்குமரஹடா என்றும் அச்சில் வருகிறது. ஊர்க்காரர் வாயால் சொல்லக் கேட்டு, அவர் முன்னாலேயே எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள்.

ஊரில் எப்படிக் கேட்பது

‘பழைய பாதை எங்கேங்க இருக்கு?’ என்று கேட்டால் கையைக் காட்டுக்குள் நீட்டிவிட்டு விடுவார்கள். வாழ்க்கையைக் கேளுங்கள், வழி தானாக வரும்.

“பாட்டி, உங்க சின்ன வயசுல உப்பு எங்கிருந்து வரும்?”

“ஐயா, புளியம்பட்டிச் சந்தைக்கு மாடு ஓட்டிட்டுப் போனா எத்தனை ராத்திரி? எங்க தங்குவீங்க? தண்ணி எங்க காட்டுவீங்க?”

“பொண்ணு எடுத்த ஊரு எது? சீர் எந்த வழியா வந்துச்சு?”

புஞ்சைப் புளியம்பட்டியின் வியாழக்கிழமைச் சந்தை, பண்ணாரி அம்மன் குண்டம், பொக்காபுரம் மாரியம்மன் திருவிழா போன்றவைதான் காட்டுத் தடங்களை உயிரோடு வைத்திருந்தன. பஸ் வந்ததும் முதலில் செத்தது சந்தை வழி. கோயில் வழி இன்னும் கொஞ்சம் நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் கோயில் வழியில் தொடங்கிப் பின்னோக்கிக் கேளுங்கள்.

ஒரே தடத்தை இரண்டு வீட்டில், இரண்டு ஊரில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதல் ஊரில் கேட்ட பதிலை இரண்டாவது ஊரில் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். ‘அங்க போகாதீங்க, சாமி இருக்கு’ என்று சொன்னால் அதையும் அப்படியே குறித்துக்கொண்டு, போகாமல் இருங்கள். இருளர், குறும்பர் குடும்பங்களின் இறந்தோர் கற்கள் இருக்கும் இடங்கள் அவர்களுடையவை.

அனுமதி

முதுமலை 2007இலும் சத்தியமங்கலம் 2013இலும் புலிகள் காப்பகங்களாயின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அனுமதியின்றி உள்ளே போவதைத் தடுக்கிறது. எந்தக் காரணங்களுக்கு அனுமதி தரலாம் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. ‘ஊர்க்காரர் கூட வருகிறார்’ என்பது அனுமதி ஆகாது. பிடிபட்டால் உங்களைவிட அவருக்குத்தான் கஷ்டம்.

தெங்குமரஹாடா வருவாய்க் கணக்கில் நீலகிரி மாவட்டம். ஆனால் சாலை ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகரிலிருந்து சத்தியமங்கலம் காப்பகத்துக்குள் போகிறது. ஒரே ஆற்றின் இரு கரைக்கும் இரண்டு அலுவலகம் ஏற வேண்டிவரலாம். விண்ணப்பத்தில் ஆட்களின் பெயர், அடையாள அட்டை நகல், தேதி, வண்டி எண், நோக்கம், நடக்கவிருக்கும் வழியைக் குறித்த வரைபடம் எல்லாம் இருக்கட்டும். குறைந்தது ஒரு மாதம் முன்னால் கொடுங்கள். டிரோன் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். எழுத்தில் பதில் வராமல் கிளம்பாதீர்கள்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகின. பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் தீ அபாயத்துக்காகக் காடு மூடப்படுவது வழக்கம். படத்தில் தரை நன்றாகத் தெரியும் மாதமும் நடக்கக் கூடாத மாதமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. அதனால் கோடையில் படம் பாருங்கள், வடகிழக்கு மழை ஓய்ந்த பின் ஜனவரியில் நடக்கக் கேளுங்கள்.

அனுமதிக் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவர்கள், 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் உள்ள 40 வழிகளிலிருந்து ஆரம்பிக்கலாம். கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரிலிருந்து பொறிவரைப் பாறை ஓவியங்களுக்குப் போகும் வழி அதில் உண்டு. பழைய தடம் என்றால் கால் எப்படி உணரும் என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

தடத்தில் எதைப் பார்ப்பது

மாடும் ஆளும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வழி நடுவே குழிந்திருக்கும், ஓரங்கள் மேடாக இருக்கும். குறுக்காகப் பார்த்தால் ஒற்றைத் தொட்டி போலத் தெரியும். ஜீப் தடம் என்றால் இரண்டு பள்ளமும் நடுவில் புல்மேடும். மழைநீர் அறுத்த பள்ளத்தின் அடி வி வடிவில் கூர்மையாக, கல் உருண்டு கிடக்கும். நடந்து தேய்ந்ததன் அடி தட்டை. சந்தேகம் வந்தால் மேல்நோக்கி 50 மீட்டர் போய்ப் பாருங்கள். ஓடை என்றால் கிளை பிரியும். பாதை என்றால் அகலம் மாறாமல் வளைந்து போகும்.

சரிவில் பள்ளத்துப் பக்கம் கல் அணைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இலைச்சருகை மெல்ல விலக்கினால் போதும், மண்ணைத் தோண்டக் கூடாது. அடியில் பெரிய கல், மேலே சிறியது, சாந்து கிடையாது, சுவர் மலைப் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். இயற்கையாக உருண்டு சேர்ந்த கற்களில் தட்டையான முகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்காது. வைத்த கல் பார்க்கும். மூன்று கல் அப்படிப் பார்த்தால் நம்பத் தொடங்கலாம், ஐந்து மீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்தால் எழுதலாம்.

பாறையை வெட்டிய இடத்தில் விரல் தடிமனில் அரைக்குழாய் போல நீளக் கோடு ஓடினால் அது வெடி வைக்கத் துளைத்த துளை. அந்த இடம் பிற்காலச் சாலை வேலை. வரிசையாகச் சிறு ஆப்புக்குழிகள் (கல்லைப் பிளக்க ஆப்பு அடித்த குழிகள்) தெரிந்தால் அவசரப்படாதீர்கள். அந்த முறை மிகப் பழையது, ஆனால் கல் உடைப்பவர்கள் அண்மைக்காலம் வரை அப்படித்தான் செய்தார்கள். ஆப்புக்குழியை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது.

காட்டுக்கு வெளியே, கணவாய் அடிவாரத்து ஊர்களில் சுமைதாங்கிக் கல் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியிருப்பார்கள், தலைச்சுமையைக் குனியாமல் இறக்கி வைக்கத் தோதான உயரத்தில். சுமைதாங்கி நின்ற இடம் தலைச்சுமை வழி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நடுகல், புலிக்குத்திக்கல் (புலியோடு மோதி இறந்தவருக்கு நட்ட கல்) விஷயத்தில் கவனம் தேவை. அது வழியோரத்திலும் நிற்கும், ஊர் எல்லையிலும் நிற்கும், வேறு இடத்திலிருந்து கொண்டுவந்தும் நட்டிருப்பார்கள். நடுகல் இருக்கிறது என்பதால் மட்டும் அங்கே பாதை இருந்தது என்று எழுதாதீர்கள்.

யானைத்தடத்தைப் பழைய பாதை என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. யானையும் நல்ல ஏற்றத்தையே தேர்ந்தெடுக்கும், தண்ணீருக்கே போகும். அதன் வழியில் கல் அணைப்பு இருக்காது. மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சேறு தேய்த்திருக்கும். பல இடங்களில் இரண்டும் ஒரே வழிதான். அப்படியானால் அது இன்னும் யானையின் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் அதில் இருக்க வேண்டாம். 4 முதல் 6 பேர், முன்னால் வனத்துறைக் காவலர், பேச்சுக் குறைவாக. உண்ணி அப்பும், திரும்பியதும் உடம்பு முழுக்கப் பாருங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஆற்றை நம்பாதீர்கள். பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி, மோயாற்றின் தண்ணீரோ மேலே நீலகிரியில் பெய்வது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே தென்மேற்குப் பருவத்தில் ஆறு ஏறும். மேலே பைக்காரா, மோயாறு மின்நிலையங்கள் இருப்பதால் மழையே இல்லாத நாளிலும் நீர்மட்டம் மாறும். பழைய துறை கண்டுபிடித்த உற்சாகத்தில் இறங்கிக் கடந்து பார்க்க வேண்டாம். முதலையும் உண்டு. ஊர்ப் பரிசல்காரர் இன்று ஓட்டமாட்டேன் என்றால் அதுதான் முடிவு.

பதிவு செய்வது

ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளியைத் தசமத்தில் 5 இலக்கம் வரை எழுதுங்கள். பள்ளத்துக்குள் கருவியே 10, 20 மீட்டர் தவறும். ஒரு நிமிடம் நின்று, கருவி காட்டும் துல்லிய அளவையும் சேர்த்து எழுதினால் பிறகு குழப்பம் வராது. தடத்தின் அகலம், குழிவின் ஆழம், சாய்வு, கல்லின் உயரம் அகலம் தடிமன், எந்தத் திசை பார்க்கிறது என்று அளவுகோலை வைத்தே அளந்து எழுதுங்கள். சிற்பக் கல்லைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுங்கள். சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். கல்லை நிமிர்த்தவும் வேண்டாம்.

குறிப்பேட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கண்ணால் கண்டது, ஊரார் சொன்னது, நாம் ஊகிப்பது. இவை ஒன்றோடொன்று கலந்துவிட்டால் பத்து வருடம் கழித்து நீங்களே பிரிக்க முடியாது.

நடுகல், கல்திட்டை (பழங்கால ஈமக்கல் அறை) இருக்கும் இடத்தின் துல்லியப் புள்ளியைப் பொதுவெளியில் போடாதீர்கள். புதையல் தேடிக் கல்திட்டைகளின் அடியைத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளியைத் தொல்லியல் துறைக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் மட்டும் கொடுங்கள். மற்றவர்களுக்கு ‘இன்ன ஊருக்கு வடக்கே’ என்பது போதும்.

கடைசியாக, வரைந்த வரைபடத்தைப் பெரிய தாளில், தமிழ் எழுத்தில் அச்சிட்டு, வழி சொன்ன வீடுகளுக்கு எடுத்துப் போங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். ‘இந்த ஓடை இங்க இல்ல, அந்தப் பக்கம்’ என்று பாட்டி விரல் வைக்கும் இடத்தில் அங்கேயே திருத்தி, தேதி போட்டு, திருத்திய தாளின் நகல் ஒன்றை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.